அந்தப் பக்கத்தானின் தடம்

பனிமேல் நடக்க நாங்கள் கட்டிக்கொள்ளும் செருப்பு வட்டமாக இருக்கும். மலைமூங்கிலை வளைத்து, பச்சைத்தோல் வாரால் பின்னி, பாதத்துக்கு அடியில் கட்டிக்கொண்டால் இடுப்பளவு பனியிலும் ஆள் புதைவதில்லை. நிக்கனோர் பின்னும் செருப்புக்கு மட்டும் மூக்கு கூர்மை. கணவாய்க்கு அந்தப் பக்கம் அப்படித்தான் பின்னுவார்களாம். இங்கே வந்து தலை நரைத்த பிறகும் அவன் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் பனி விழுந்த மறுநாள் எங்கள் பெவென்கோ ஊரில் வேறு எவர் எங்கே போனார் என்று தெரியாவிட்டாலும், நிக்கனோர் எங்கே போனான் என்பது ஊருக்கே தெரியும்.

அவன் எங்களவன் இல்லை. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க ஒரு கோடையில் கணவாயைத் தாண்டி வந்தான். என் சித்தி மகள் மெலானியாவைப் பார்த்தான். கத்தரி வேலை முடிந்தது, மற்றவர்கள் திரும்பினார்கள், இவன் திரும்பவில்லை. எங்களில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். ஆண்பிள்ளை ஒருவன் பெண்டாட்டி நிலத்தில் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன நினைக்கும்? அங்கே ஆளைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவன் என்றார்கள். இல்லை, குதிரை திருடியவன் என்றார்கள். பட்டாளத்திலிருந்து தப்பியவன் என்று இன்னொரு பேச்சு. இந்தப் பேச்சையெல்லாம் அறுத்துவிடலாம் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"ஏம்ப்பா, உங்க ஊரை விட்டுட்டு இங்கயே தங்கிட்டே?"

"அங்க காத்து ஜாஸ்தி, மதினி."

அவ்வளவுதான் பதில். காற்றுக்குப் பயந்து யாராவது நாடு விட்டு நாடு வருவார்களா? கேட்டுவிட்டு வந்த பிறகு எனக்கே சந்தேகம் கூடிப்போனது. ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'அந்தப் பக்கத்தான்'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஊர் அவனைச் சந்தேகப்பட்டது போலவே அவன் உலகத்தைச் சந்தேகப்பட்டான். கடையில் சர்க்கரை வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்டுவான். மெலானியா இறந்த பிறகு அந்தக் குணம் முழுக்க மகள் எல்பாவின் தலையில் இறங்கியது. கணவாய் வழியாகச் சாமான் ஏற்றிவரும் கோவேறு கழுதைக்காரன் ஒருவனோடு அவள் சிரித்துப் பேசினாள். அவனுடைய மூட்டையை இவன் அவிழ்த்துப் பார்த்தான், அவனுடைய குடும்பத்தை விசாரித்தான், மகள் தண்ணீருக்குப் போனால் பின்னாலேயே போனான். ஒருநாள் அவளுடைய சால்வையை முகர்ந்து பார்த்து, புகையிலை வாசம் வருகிறது என்றான். அன்றைக்கே அவள் கழுதைக்காரனோடு கணவாயைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நிக்கனோர், ஒரு பட்டி ஆடு, குதிரைமுதுகு முகட்டின் அடியில் அந்த வீடு. வேறு ஒன்றும் இல்லை அவனுக்கு.

இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. எல்லைச் சாவடிப் போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து, அந்தப் பக்கம் பிறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் என்றாலும் அது நம் வீட்டுச் சந்தேகம், போலீஸுக்கு எதற்கு?

அந்தக் குளிர்காலத்தில்தான் கூர்மூக்குத் தடம் முகட்டின்மேல் ஏற ஆரம்பித்ததை எல்லோரும் கவனித்தார்கள். பனி கொட்டி, வானம் கழுவி விட்டது போலத் தெளிந்த மறுநாள் பார்த்தால், அவன் வீட்டு வாசலிலிருந்து தடம் மேலே போகும். குதிரைமுதுகின் நெடுகப் போய், கடைசியில் நிற்கும் கரும்பாறை வரை போய், அதே வழியில் திரும்பும். அங்கே தாய்மரம் என்று நாங்கள் சொல்லும் ஒற்றை மரம் நிற்கிறது, வேறு விறகு கிடையாது. ஆடு ஏறாது. முயலுக்குக் கண்ணி வைத்தாலும் குருவிகூட விழாது. பனிக்காலத்தில் அந்த முகட்டில் மனுஷனுக்கு என்ன வேலை?

இதற்குச் சோய்லா அக்காள் பதில் கண்டுபிடித்தாள்.

சோய்லா அக்காளின் புருஷன் ஃபெர்மின் அந்த வருஷம் மே மாதம் நெஞ்சடைத்துச் செத்துப்போனார். சாகும் முன்பே, ஏப்ரல் அறுவடையில் பெவென் கொட்டையைப் பொறுக்கி, எல்லோரையும் போலக் குழி வெட்டி, புல் பரப்பி, கொட்டையைக் கொட்டி, கல்லால் மூடிப் புதைத்திருந்தார். பெவென் மரம் தருவதுதான் எங்கள் சோறு. வீட்டில் வைத்தது குளிர்காலத்துக்கு, குழியில் வைத்தது பனி உருகி வசந்தம் வந்த பிறகு. யார் குழி எங்கே என்று அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் வாய்ச்சொல்லாக. அன்றைக்கு அக்காள் காய்ச்சலில் கிடந்ததால் கூடப் போகவில்லை. படுக்கையில் ஃபெர்மின் சொன்னது இவ்வளவுதான்: முகட்டில் தாய்மரத்துக்கு முதுகைக் கொடு, சூரியன் எழும்பும் பக்கம் பார், ஒரு சுருக்குக்கயிறு நீளம்.

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு நடுக்குளிர்காலம் ஜூலை. அந்த ஜூலையில் அக்காளின் வீட்டுக் கொட்டை பூஞ்சை பிடித்துப் போனது. ரோடு பனியில் மூடிவிட்டது, மாவு மூட்டை வரவில்லை. வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். வசந்தம் வரை காத்திருக்க முடியாமல் ஒரு காலையில் கயிற்றையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு தனியாக முகட்டுக்கு ஏறினாள். சொன்ன இடத்தில் பனியை வழித்துவிட்டுக் குத்தினாள். மண் பொதபொதவென்று உள்ளே போனது. தோண்டினால் மக்கிய புல்லும் நாலைந்து தோலும். கொட்டை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில், மரத்துக்கும் குழிக்கும் நடுவே, கூர்மூக்குத் தடம்.

அவள் போட்ட கூச்சல் கீழே என் வீடு வரை கேட்டது.

மறுநாளே தலைவர் லிசாண்ட்ரோ வீட்டில் கூடினோம். அடுப்பைச் சுற்றி மாத்தே இலைத் தேநீர்க் குவளை கை மாறிக்கொண்டிருந்தது. நிக்கனோர் கதவு ஓரத்தில் நின்றான். அவனுக்குக் குவளை போகவில்லை.

"என் புள்ளைங்க சோத்த தின்னவன் வயிறு வெந்து போகும்!" என்றாள் சோய்லா அக்காள். "புருஷன் செத்து மண்ணு ஆறல. அதுக்குள்ள குழிய மோப்பம் புடிச்சுட்டான்."

"நான் எடுக்கல" என்றான் நிக்கனோர்.

"அப்ப முகட்டுல என்ன புடுங்குற?"

 

தலைவர் மெதுவாகக் கேட்டார்: "சொல்லிடுப்பா. ஒரு வார்த்தை. எதுக்கு மேல போற?"

"நடக்கப் போறேன்."

ஒரு கிழவர் சிரித்துவிட்டார். "ஆமா, பட்டணத்துல துரைமாருங்க நடப்பாங்களே, அந்த மாதிரி."

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் கூடட்டும், அதற்குள் அவன் காரணம் சொல்லாவிட்டால் ஆட்டை விற்றுவிட்டுக் கீழே லோங்கிமாய்ப் பட்டணத்துக்குப் போய்விட வேண்டியது, மெலானியாவின் நிலம் அவளுடைய சொந்தங்களுக்குத் திரும்பும் என்றார். சொந்தம் என்றால் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிலத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் பார்த்தார்கள்.

"பர்தோலா தங்கச்சி" என்றார் தலைவர், "நீ அவன்கூட ஒரு தடவ மேல போய்ட்டு வா. உன் தங்கச்சி புருஷன்தானே. என்ன பண்றான்னு பாரு."

"பாத்துட்டு அவ சொல்றதையும் பாக்கத்தான போறோம்" என்றாள் அக்காள்.

அன்று இரவு நன்றாகப் பனி கொட்டியது. விடிவதற்கு முன்பே நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வரவேண்டாம் என்பான், சண்டை போட்டாவது போய்விடலாம் என்று தயாராக வந்திருந்தேன். அவனோ கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, "நல்லதாப் போச்சு மதினி, வாங்க" என்றான்.  திருடன் எப்போதாவது வா என்பானா? என்னத்துக்கு வரச்சொல்கிறான்?

மேலே ஏறும்போது அவன் முன்னால், நான் பின்னால். புதுப்பனி நொறுநொறுவென்றது. போன்ச்சோப் போர்வைக்குள் இடது பக்கம் எதையோ அணைத்தபடியே நடந்தான். கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை. கத்தியா? கொட்டை மூட்டையா? மூட்டை என்றால் இவ்வளவு சின்னதாக இருக்காது. நான் இரண்டு அடி பின்தங்கியே நடந்தேன்.

"என்னப்பா அது உள்ள?"

"சளி புடிச்சிருக்கு. கதகதப்பா வச்சிருக்கேன்."

"கைய எதுக்கு நெஞ்சுல வச்சிருக்கே?"

"கையும்தான் குளிருது."

குதிரைமுதுகு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். மேலே ஏறினால் இரண்டு பக்கமும் சரிவு, நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு முதுகு. கிழக்கே கணவாயும் அந்தப் பக்கத்து மலைகளும், மேற்கே எங்கள் வீடுகளின் புகை. நான் கிழக்கு ஓரமாக ஒதுங்கி நடந்தேன், அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கலாம் என்று.

"மதினி, அந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன்? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் பனி."

வெறும் பனிக்கு எதற்கு என்னை வராதே என்கிறான்? அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கைத்தடியை நீட்டி ஓங்கிக் குத்தினேன். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. முகட்டு ஓரம் ஒரு வீட்டுக் கூரை அகலத்துக்கு அப்படியே பிய்ந்து கீழே போனது. காற்று குவித்து வைத்த பனி, அடியில் ஒன்றுமே இல்லை. அவன் என் போன்ச்சோவைப் பிடித்து இழுத்ததில் நான் உட்கார்ந்தேவிட்டேன்.

"சொன்னேன்ல, ஒண்ணும் இல்லன்னு" என்றான்.

"ஒழுங்கா சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பனி நீட்டிட்டு நிக்குது, விழுந்திடுவீங்கன்னு சொல்லணும்!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

தாய்மரத்தடியில் சோய்லா அக்காள் தோண்டிய குழி புதுப்பனி மூடிப் பள்ளமாகத் தெரிந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்காமல் மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"நேரா சொல்லு. எடுத்தியா?"

"எடுக்கல."

"எடுத்தவன் எவனும் எடுத்தேன்னு சொல்ல மாட்டான்."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

"குழி பக்கத்துல உன் தடம் எப்படி வந்துச்சு?"

"இந்த மரத்தடியில காத்து கம்மி. ஒவ்வொரு தடவையும் இங்கதான் நின்னு மூச்சு வாங்குறேன். இப்ப வாங்கல?"

வாங்கினான்தான். ஆனால் மூச்சு வாங்குகிறவன் திருட மாட்டான் என்று யார் சொன்னது?

கரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெளுத்துவிட்டது. பாறையின் காற்று படாத பக்கம் குந்தினான். போன்ச்சோவைத் தூக்கினான். நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தது கத்தி இல்லை, மூட்டையும் இல்லை, கைப்பிடி உடைந்த ஒரு சின்ன ரேடியோ. பேட்டரி குளிரில் செத்துவிடக் கூடாதென்று உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறான்.

 சாவடிப் போலீஸ்காரர்கள் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. "அடப்பாவி, உளவு பாக்குறியா?"

"உளவா? எதைப் பாத்துச் சொல்றது? ஆடு குட்டி போட்டதையா?" என்றவன், கம்பியை இழுத்துவிட்டு, பொத்தானைத் திருகினான். கரகரப்பு. அந்தப் பக்கத்து ரேடியோ. கீழே எங்கள் பள்ளத்தில் அது எடுக்காது, மலை மறைக்கும். அவன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் நீட்டினான்.

"மதினி, உங்க காது நல்லாருக்குல்ல? கேட்டுச் சொல்லுங்க."

"என்னத்த?"

"மலையில இருக்கிற ஜனங்களுக்கு காலைல சேதி வாசிப்பாங்க. இன்னாருக்கு ஆடு வந்து சேர்ந்துச்சு, இன்னாரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அப்படி. பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வாசிப்பாங்க. எல்பா பேரு வந்த மாதிரி இருந்துச்சு. என் காது பாதிதான் புடிக்குது. எல்பான்னு கேக்குது, கணவாய்னு கேக்குது, நடுவுல காத்து தின்னுடுது. அதுக்கு அப்புறம் நாலு தடவ வந்துட்டேன், முழுசா புடிபடல."

என்னை வாங்க என்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் காதுக்காகத்தான் கூட்டிவந்திருக்கிறான்.

ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு பெண் குரல் பெயர் பெயராக வாசித்தது. யாருக்கோ பசு விற்றாயிற்று. யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். உலோகக் கம்பி என் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் குளிர். பிறகு வந்தது. நான் ஒவ்வொரு சொல்லாக அவனுடைய நல்ல காதில் கத்தினேன்.

"பெவென்கோ நிக்கனோருக்கு. மகள் எல்பா. ஆண் குழந்தை பிறந்தது. கணவாய் திறந்ததும் வருகிறோம். வீட்டில் இருக்கவும்."

அவன் அழவெல்லாம் இல்லை. "வருகிறோம்னா சொன்னா? வருகிறேன்னு சொல்லல?" என்று கேட்டான்.

"வருகிறோம்."

"அப்ப அவனும் வரான்" என்றான், கழுதைக்காரனை நினைத்து. ரேடியோவை அணைத்து, திரும்ப நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"இதைத் தலைவர்கிட்ட சொன்னா முடிஞ்சு போச்சேப்பா!"

"முடிஞ்சு போகாது. ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்துல பொறந்தவன், முகட்டு மேல உக்காந்து அந்தப் பக்கத்து ரேடியோ கேக்குறான். ஊருல ஒரு வாய் போதும், சாவடிக்குப் போயிடும். என்னை ஏத்திட்டுப் போயிடுவாங்க. அவ வந்து கதவைத் தட்டுறப்ப யாரு தொறக்கிறது? சத்தியம் பண்ணுங்க, சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் செய்தேன். செய்துவிட்டு இறங்கும்போது என் மேலேயே எனக்குக் கோபம். காரணம் தெரிந்தும் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவனை அனுப்பிவிடுவார்கள், அந்தப் பெண் பிள்ளையோடு வந்து காலி வீட்டைப் பார்ப்பாள். சொன்னாலும் அதேதான். போதாக்குறைக்கு, ரேடியோ கேட்டான் என்பதால் கொட்டை எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? மரத்தடியைத் தாண்டும்போது அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தலைவர் வீட்டில் சோய்லா அக்காள் எனக்காகவே காத்திருந்தாள்.

"என்ன பண்றான் மேல?"

"நிக்கிறான். மூச்சு வாங்குறான். திரும்புறான்."

"இவளையும் வளைச்சுட்டான்!" அக்காள் தொடையில் அடித்துக்கொண்டாள். "எத்தன கொட்டை குடுத்தான் உனக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "நீ எப்படித் தோண்டினேன்னு நீயே வந்து காட்டு. அதே இடம், அதே மாதிரி. காட்டாம அவனை அனுப்ப விட்டேன்னா நான் பர்தோலா இல்ல. வாசல்லயே படுத்துக்குவேன், என்னைத் தாண்டித்தான் அவன் ஆட்டை ஓட்டணும்."

"என்னத்தைக் காட்டறது? குழி அப்படியே கெடக்கு."

"காட்டு."

"பனியில என்னால இன்னொரு தடவ ஏற முடியாது."

"நான் தூக்கிட்டுப் போறேன்."

தலைவருக்கு இரண்டு பெண்களின் சண்டைக்கு நடுவில் மாத்தே ஆறிப்போனதுதான் கவலை. "போய்ட்டு வந்துடலாம் வாங்க. இல்லன்னா இந்தப் பொம்பளை பனி உருகற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பா" என்றார்.

சனிக்கிழமை விடியலில் நாலு பேரும் ஏறினோம். நிக்கனோரைப் பின்னால் வரச்சொல்லி அக்காள் உத்தரவு போட்டாள். தன் முதுகுக்குப் பின்னால் அவன் இருந்தால் குழியைக் கலைக்க முடியாதாம். பின்னாலிருந்தே கலைக்கமாட்டானா என்று நான் கேட்கவில்லை.

தாய்மரத்தடியில் அக்காள் முதுகைக் கொடுத்து நின்றாள், அவளுக்கும் ஒரு பெருமிதம். "இப்படித்தான் நின்னேன். சாமி, சாமின்னு சூரியன் வர்ற வரைக்கும் நின்னேன். கண்ணு கூசிச்சு. அந்தா, அன்னைக்கு மாதிரியே வருது பாரு."

சூரியன் எழும்பியது. அது இரட்டைக் கொம்பு மலையின் இடுக்கிலிருந்து வந்தது. அக்காள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கயிற்றை வீசினாள். கயிற்றின் முனை அவள் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் போய் விழுந்தது. "பாத்துக்க! ஒரு சாண் தப்பல!"

நான் இரட்டைக் கொம்பைப் பார்த்தேன். கண் கூசுவதற்கு முன்பே எனக்கு உறைத்துவிட்டது. கொட்டை பொறுக்கும்போது விடிகாலையில் மரத்தடியில் தீ மூட்டி எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்போம். ஒரு வருஷமாவது சூரியன் இரட்டைக் கொம்பிலிருந்து வந்து பார்த்திருக்கிறோமா?

"அக்கா, கொட்டை பொறுக்கறப்ப சூரியன் எங்க இருந்து வரும்?"

"எங்க இருந்து வரும், கிழக்க இருந்துதான். இது ஒரு கேள்வியா?"

"கிழக்குல எங்க?"

  தலைவர்தான் சொன்னார்: "கணவாய்க்கு நேரா." சொல்லிவிட்டு, அவரே கையை நெற்றியில் வைத்து இரட்டைக் கொம்பையும் கணவாயையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு மலையே அகலமாக உட்கார்ந்திருந்தது. எங்கள் தென்கோடியில் குளிர்காலத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? ஆட்டுக்குட்டிக்கே தெரியும். ஆனால் குளிர்காலத்தில் குழி திறந்தவர் எவரும் இல்லை. ஏப்ரலில் புதைக்கிறோம், செப்டம்பரில் பனி கரையும்போது திறக்கிறோம். அப்போது சூரியனும் கணவாய்க்குத் திரும்பிவிட்டிருக்கும். ஃபெர்மின் சொன்ன சொல்லில் பிழை இல்லை. அவர் செத்தபடியால் அது தவறான மாதத்தில் போய் விழுந்துவிட்டது.

தலைவர் அக்காளின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, கணவாயைப் பார்த்து நின்று வீசினார். கடப்பாரையை நான் எடுத்தேன். விட மாட்டேன் என்றேன். முதல் குத்து உறைமண். இரண்டாவது குத்து கல்லில் டங்கென்றது.

கல் மூடி மண்ணோடு மண்ணாக உறைந்து இரும்பு மாதிரி இருந்தது. நெருப்பு மூட்டி இளக்கித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே புல், புல்லுக்கு அடியில் சிவப்பாக, ஈரமாக, ஃபெர்மினின் கொட்டை. அக்காள் முந்தித் தோண்டியது போன வருஷமோ அதற்கும் முந்தியோ காலி செய்த பழைய குழி, மக்கிய புல்லின் சூட்டில் அதன் மண் உறையவில்லை. அந்த மரத்தைச் சுற்றி அந்தக் குடும்பம் வருஷா வருஷம் தோண்டிய பழைய குழிகள் எத்தனையோ.

சோய்லா அக்காள் மண்டியிட்டு ஒரு கைப்பிடி அள்ளினாள். முகர்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி, நிக்கனோரைப் பார்த்து, கண்ணைச் சுருக்கினாள்.

"திருப்பி வச்சுட்டான்."

"அக்கா!"

"நேத்து ராத்திரி பயந்துபோய்க் கொண்டுவந்து வச்சுட்டான்."

தலைவர் தடியால் கல்மூடியைத் தட்டினார். "மே மாசத்துல உறைஞ்ச கல்லுக்கு அடியில, சோய்லா? பூனை மாதிரி உள்ள புகுந்தா வச்சான்?"

அக்காள் கொட்டையைச் சாக்கில் கொட்டினாள். சாக்குக் கனமாக இருந்தது. தலைவருக்கு முதுகு வலி, எனக்கு மூச்சிரைப்பு. நிக்கனோர் வந்து சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான். அக்காள் இறங்கும் வழி முழுக்க அவனுக்குப் பின்னாலேயே நடந்தாள், சாக்கின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளை வீட்டில் விட்ட பிறகு தலைவர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"நாளைக்குக் கூட்டம் கிடையாது. நான் சொல்லிடறேன். ஆனா தம்பி, முகட்டுல என்ன வேலைன்னு எனக்கு இன்னும் சொல்லல நீ."

நிக்கனோர் பனியைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். "முட்டி வலி தலைவரே. நடக்காம இருந்தா உறைஞ்சு போயிடுதாம்."

"முட்டியா?"

"முட்டிதான்."

"சரி" என்றார் தலைவர். "முட்டிக்கு எதுக்குய்யா பேட்டரி? கடைக்காரன் சொல்றான், மாசத்துக்கு மூணு வாங்குறியாம்."

 தலைவர் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"நான் யார்கிட்டயும் கேக்கல" என்றார். "கடைக்காரன்கிட்ட இனிமே நீ வாங்காதே. பர்தோலா வாங்கட்டும். அவ வீட்ல டார்ச் லைட்டு இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

அதற்குப் பிறகும் ஊர் அவனை நம்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கூர்மூக்குத் தடம் போன வழியில் பிள்ளைகளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். சோய்லா அக்காள் வசந்தம் வந்ததும் ஊரார் குழி திறக்கும்போதெல்லாம் போய் நின்று, எல்லாவற்றையும் எண்ணி, ஒன்றும் குறையவில்லை என்றதும் ஏமாந்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள். ஆனால் வீட்டை விட்டுப் போ என்ற பேச்சு மட்டும் அதோடு நின்றது.

அக்டோபரில் கணவாய் திறந்தது. பனிநீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் அவன் வீட்டில் மாத்தே குடித்துக்கொண்டிருந்தபோது நாய் குரைத்தது. மூன்று கோவேறு கழுதைகள் சரிவில் இறங்கி வந்தன. முதலாவதில் எல்பா, சால்வையால் மார்பில் கட்டிய ஒரு சின்ன மூட்டை அழுதது. கடைசிக் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து நடந்து வந்தான் அந்தக் கழுதைக்காரன். கன்னம் ஒட்டிப்போய், அவனும் பயந்துதான் வந்தான்.

நிக்கனோர் வாசலில் நின்றான். எல்பா இறங்கவில்லை. கழுதைமேல் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"சேதி கெடச்சுதா?"

"கெடச்சுது."

"நீ இருக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"எங்க போறது? அங்க காத்து ஜாஸ்தி" என்றான் நிக்கனோர்.

அவள் இறங்கி, பிள்ளையை அவிழ்த்து, அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை, முதலில் கையைப் போன்ச்சோவில் துடைத்துக்கொண்டான், அப்புறம் வாங்கினான். பிள்ளையை வலது தோளில் போட்டுக்கொண்டு, இடது கையை மருமகனை நோக்கி நீட்டி, கழுதையின் கடிவாளத்தை வாங்கினான். அந்தக் கழுதையின் தொடையில் எந்தப் பண்ணையின் சூட்டுக்குறி போட்டிருக்கிறது என்று அவன் கண் போனதை நான் பார்த்தேன். அவன் பார்க்கிறான் என்பதை எல்பாவும் பார்த்தாள். 

நிக்கனோர் ஒன்றும் கேட்கவில்லை. கழுதையைக் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், தீனி போட்டான்.